மாணவர் பிரிண்ட் எடுப்பதில் வீணாகும் தாளை எங்கே பிடித்து நிறுத்துவது?

கல்லூரி நூலகத்திலும் கணினி ஆய்வகங்களிலும் மாணவர்கள் எடுக்கும் பிரிண்ட் அவுட்களால் தாள் கணக்கின்றி வீணாகிறது, ‘தேவையென்றால் மட்டும் அச்சிடுங்கள்’ என்று ஒவ்வொரு பிரிண்டருக்கு மேலும் எழுதி ஒட்டியும் எதுவும் குறையவில்லை, இனித் தலைக்கு இத்தனை பக்கம் என்று வரம்பு வைப்பதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தையும் அதன் பிரிண்டர்களையும் பல ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரம்பு என்பது எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகு, கடைசியாக வர வேண்டியது. வீணாகும் தாளில் பெரும்பகுதி, மாணவர் பிரிண்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இரண்டு இடங்களில் முடிவாகிவிடுகிறது. ஒன்று, பிரிண்டரை நிறுவி அதன் அமைப்புகளைச் செய்து வைத்தவரின் கை. மற்றொன்று, ‘பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியரின் வாய். இந்த இரண்டையும் தொடாமல் மாணவரை மட்டும் திருத்த முனைந்தால், சுவரில் ஒட்டிய அறிவிப்புக்கு நேர்ந்ததுதான் நேரும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் பொறுத்திருந்து பாருங்கள். ஒவ்வொரு பிரிண்டரின் அருகிலும் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்து, ‘வேண்டாத தாளை இதில் போடுங்கள்’ என்று மட்டும் எழுதுங்கள். யாரும் எடுத்துச் செல்லாமல் தட்டில் கிடப்பவற்றையும் மாலையில் அதிலேயே சேர்த்துவிடுங்கள். வார இறுதியில் இரண்டு மூன்று மாணவர்களை உட்கார வைத்து அந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். யார் அச்சிட்டார்கள் என்று பார்க்க வேண்டாம். எதனால் வீணானது என்பதை மட்டும் பார்க்கட்டும். அப்போது கிடைக்கும் விவரம் எந்த அறிக்கையிலும் கிடைக்காது, ஏனென்றால் ஒவ்வொரு வளாகத்திலும் வீணாகும் விதம் வேறு. ஓரிடத்தில் தனித்தாள்களாக முகப்புப் பக்கங்கள் குவிந்திருக்கும். இன்னோரிடத்தில் ஒரே கட்டுரையின் இரண்டு பிரதிகள் கட்டாகக் கிடக்கும்.

அந்தப் பிரதிகளின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் மாணவரின் பொறுப்பின்மை என்று தவறாக எண்ணுகிறார்கள். வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு மாணவர் பதினெட்டுப் பக்கக் கட்டுரையை அனுப்புகிறார். பிரிண்டரில் தாள் தீர்ந்திருக்கிறது. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் கணினியின் திரையில் அதற்கான எந்த அறிகுறியும் இல்லை. போய்ப் பார்க்கிறார், ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து மறுபடி அனுப்புகிறார். அதுவும் வரவில்லை என்றதும், ‘வேறு பிரிண்டரைத் தேர்ந்தெடு’ என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்ல, அங்கே அனுப்பி எடுத்துக்கொண்டு ஓடுகிறார். அரை மணி நேரம் கழித்து உதவியாளர் வந்து முதல் பிரிண்டரில் தாள் வைத்த அடுத்த கணமே, வரிசையில் காத்திருந்த இரண்டு பிரதிகளும், அவருக்கு முன்பு இதே போல முயன்றுவிட்டுப் போன நான்கு பேருடைய வேலைகளும் மளமளவென்று வந்து விழுகின்றன. வைத்த தாளில் ஏறத்தாழ நூறு, ஒருவருக்கும் தேவைப்படாத பக்கங்களாகிவிடுகிறது. இதற்கு மருந்து அறிவுரை அன்று. காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று வேளையும் தட்டைப் பார்த்துத் தாளை நிரப்ப ஒருவரைப் பொறுப்பாக்குவதும், நகராமல் நிற்கும் வேலைகளைச் சிறிது நேரத்தில் வரிசையிலிருந்து தானாக நீக்கும்படி அமைப்பதும்தான்.

பெட்டியில் கிடைக்கும் வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் பயனரின் பெயரைத் தாங்கி வரும் முகப்புத் தாள், ஒரு பக்கம் மட்டுமே அச்சிடும் மாணவருக்கும் இரண்டு தாளைச் செலவாக்குகிறது. சர்வரில், அதாவது எல்லோருடைய அச்சு வேலைகளையும் வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் மையக் கணினியில், ஓர் அமைப்பை மாற்றினால் அது நின்றுவிடும். இணையப் பக்கத்தை அப்படியே அச்சிடும்போது, முகவரி ஒன்று மட்டும் அச்சாகி வரும் கடைசித் தாள் அச்சு முன்னோட்டத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. தாளின் தலையில் ஒரே ஒரு வரி புரியாத குறிகளுடன் நூற்றுக்கணக்கான தாள்கள் வந்து விழுந்தால், அது பிரிண்டருக்குப் பொருந்தாத டிரைவர் (கணினியின் கட்டளைகளைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) நிறுவப்பட்டிருப்பதன் அடையாளம். பிரிண்டருக்குப் புரியாத கட்டளைகளை அது வெறும் எழுத்தாக எண்ணி அச்சிட்டுத் தள்ளுகிறது. எழுத்துருவை உள்ளே பதிக்காமல் சேமித்த பிடிஎஃப் கோப்பு, தமிழ் போன்ற எழுத்துகளில் வெறும் கட்டங்களாக அச்சாகும். லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவுக்கு அமைத்த ஆவணம் ஏ4 தாளில் வரும்போது ஓரம் வெட்டுப்பட்டு மறுபடி அச்சிட வேண்டியதாகும். இவை ஒவ்வொன்றும் தொழில்நுட்பக் குறைகளே. இவற்றுக்கு மாணவரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

இனி முதன்மையான இடத்துக்கு வருகிறேன். டிஃபால்ட் என்று நாம் பேச்சில் சொல்லும் இயல்பு அமைப்பு, அதாவது பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் பிரிண்டர் தானாக எதைச் செய்கிறதோ அது, ஒரு பக்க அச்சாக இருந்தால் பெரும்பாலோர் ஒரு பக்கமாகவே அச்சிடுவார்கள். இரு பக்கமாக இருந்தால் அதையே ஏற்றுக்கொள்வார்கள். இது வெறும் ஊகமன்று. ஸ்வீடனின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றுவோரிடையே யோஹான் ஏகெபார்க், மத்தியாஸ் ஏக்ஸ்ட்ரோம் என்ற பொருளியலாளர்கள் நடத்தி 2016 இல் வெளியிட்ட கள ஆய்வில், தாளைக் குறைத்துப் பயன்படுத்துங்கள் என்று மின்னஞ்சலில் விடுத்த வேண்டுகோளால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. பிரிண்டரின் இயல்பு அமைப்பை இரு பக்கத்துக்கு மாற்றியபோது தாளின் செலவு உடனே 15 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு நிலைத்தும் நின்றது. ஆய்வு நடந்தது ஊழியர்களிடம் என்பதை மறக்க வேண்டாம், எனினும் அவசரத்தில் அச்சிடும் மாணவர்கள் அமைப்புகளைத் திறந்து பார்ப்பது ஊழியர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

இரு பக்கமாக அச்சிட்டால் பாதி குறைய வேண்டாமா, ஏன் 15 சதவீதம் மட்டும் என்று கேட்கலாம். ஒரு பக்க வேலைக்கு இரு பக்க அச்சினால் எந்த மிச்சமும் இல்லை. மூன்று பக்க வேலைக்கு மூன்று தாளுக்குப் பதில் இரண்டு, அதாவது மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பக்கங்கள் கூடக் கூடத்தான் மிச்சம் பாதியை நெருங்கும். முன்பிருந்தே இரு பக்கமாக எடுத்துக்கொண்டிருப்பவர்களும், தேவை கருதி ஒரு பக்கத்துக்கு மாற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஆகவே உங்கள் வளாகத்தில் எவ்வளவு குறையும் என்பது, அங்கு நடக்கும் அச்சு வேலைகள் சராசரியாக எத்தனை பக்கம் கொண்டவை என்பதைப் பொறுத்தது. சர்வரின் பதிவேட்டில் ஒரு மாதத்து வேலைகளை எடுத்துப் பக்க எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால், கையில் காகிதமும் பேனாவும் வைத்தே அதை முன்கூட்டிக் கணக்கிட்டுவிடலாம்.

இந்த அமைப்பை மாற்றும்போது பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. விண்டோஸ் பிரிண்ட் சர்வரில் ‘பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்’ என்றும் ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ என்றும் தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும் இரண்டு சாளரங்கள் உள்ளன. முதலாவதில் செய்யும் மாற்றம் அதைச் செய்த பயனருக்கு மட்டுமே பொருந்தும்; பிரிண்டரின் பண்புகளுக்குள் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் இருக்கும் இரண்டாவதுதான் அனைவருக்குமானது. நிர்வாகி முதலாவதை மாற்றிவிட்டுத் தன் கணினியில் சோதித்துப் பார்ப்பார். அழகாக இரு பக்கமாக வரும். மாணவர்களுக்கோ ஒரு மாதம் கழித்தும் ஒரு பக்கமாகவே வந்துகொண்டிருக்கும். நானும் இதில் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். அது தவிர, பிரிண்டரை ஏற்கெனவே இணைத்துக்கொண்டவர்களின் கணக்கில் பழைய அமைப்பு ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும், எனவே பிரிண்டரை ஒரு முறை நீக்கிவிட்டு மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். மாணவர்கள் தங்கள் மடிக்கணினியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் நேரடியாக அனுப்பினால் அந்தக் கருவியின் அமைப்பே செல்லுபடியாகும் என்பதால், அந்த வழியையும் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, தாளை எந்த ஓரத்தில் திருப்புவது என்பது. நெடுக்கு வாக்கில் இருக்கும் கட்டுரைக்கு நீள ஓரத்தில் திருப்ப வேண்டும். குறுக்கு வாக்கில் இருக்கும் ஸ்லைடுகளுக்குக் குறுகிய ஓரத்தில் திருப்ப வேண்டும். இது மாறிப்போனால் பின்பக்கம் தலைகீழாக வரும். மாணவர் அதைக் கசக்கிப் போட்டுவிட்டு, ‘இந்த இரு பக்கத் தொல்லையே வேண்டாம்’ என்று ஒரு பக்கமாக மறுபடி எடுப்பார். பிரிண்டருக்கு மேல் எதையாவது ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், மரம் வரைந்த அறிவிப்புக்குப் பதில் இந்தத் திருப்பலைக் காட்டும் சிறு படத்தை ஒட்டுங்கள். படிப்பார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு அந்த நேரத்தில் தேவையான செய்தி.

இரு பக்க அச்சை மாணவர்கள் வெறுப்பதற்கு அடுத்த காரணம் தாள் சிக்கிக்கொள்வது. பிரித்து வைத்த தாள்கட்டு ஈரக்காற்றை உறிஞ்சினால் தாள் சுருளத் தொடங்கும். ஒரு முறை சூடேறி வெளிவந்த தாள் மறுபக்கத்துக்காக உள்ளே திரும்பும்போது அந்தச் சுருளல் வேலையைக் கெடுக்கும். கட்டுகளை உறையோடு வைத்திருந்து தேவைப்படும்போது மட்டும் பிரிப்பது, தரையில் வைக்காமல் பலகை மேல் வைப்பது ஆகிய இரண்டுமே பெரும்பாலான சிக்கல்களைத் தீர்த்துவிடும். எடை குறைந்த தாளை வாங்குவதும் ஒரு வழியே. சதுர மீட்டருக்கு 80 கிராமுக்குப் பதில் 70 கிராம் தாளை வாங்கினால் எடையில் எட்டில் ஒரு பங்கு மிச்சம். ஆனால் அந்தத் தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தால், மக்கள் மறுபடி ஒரு பக்கத்துக்குப் போய்விடுவார்கள். மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு செலவாகும். எனவே ஒரு கட்டு வாங்கி, அடர்த்தியான படங்கள் கொண்ட பத்துப் பக்கங்களை இரு பக்கமாக அச்சிட்டுப் பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள்.

அச்சிட்டுவிட்டு எடுத்துச் செல்லாமல் போகும் தாள்களுக்குத் தீர்வு, அனுப்பியதும் அச்சிடாமல் காத்திருக்க வைப்பது. மாணவர் பிரிண்டரின் அருகே வந்து அடையாள அட்டையைக் காட்டினாலோ கடவுச்சொல்லை இட்டாலோதான் தாள் வெளிவரும். சில மணி நேரத்தில் வராவிட்டால் அந்த வேலை தானே அழிந்துவிடும். பேப்பர்கட் போன்ற மென்பொருள்களில் இது வழக்கமான வசதி. மேலே சொன்ன மூன்று பிரதிக் கதைக்கும் இதுவே நிரந்தர மருந்து, ஏனென்றால் பிரிண்டருக்கு முன்னால் நின்று தன் பெயரில் மூன்று வேலைகள் காத்திருப்பதைப் பார்ப்பவர் இரண்டை அழித்துவிட்டு ஒன்றைத்தான் வெளியிடுவார். ஆனால் பிரிண்டர்களுக்கு முன்னால் வரிசை நீளும், அட்டை வாசிக்கும் கருவி பழுதானால் எல்லோரும் நின்றுவிடுவார்கள், செலவும் உண்டு. இரண்டு மூன்று பிரிண்டர்கள் மட்டுமே உள்ள சிறிய கல்லூரிக்கு இது தேவையில்லை. தாள் நிரப்பும் ஆள் ஒழுங்காக வந்தாலே போதும்.

குறைந்ததா என்பதை எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிரிண்டரின் உள்ளே இருக்கும் கவுண்டர், பொதுவாக அச்சான பக்கங்களை எண்ணுகிறதேயன்றித் தாள்களை எண்ணுவதில்லை. முழு வளாகமும் இரு பக்கத்துக்கு மாறினாலும் அந்த எண் ஓர் இலக்கம்கூடக் குறையாது. பாடுபட்டு மாற்றம் கொண்டுவந்த குழு, ஆண்டிறுதியில் இந்த எண்ணைப் பார்த்துத் தங்கள் முயற்சி தோற்றுவிட்டது என்று முடிவுகட்டிக் கைவிட வாய்ப்புண்டு. வாங்கிய தாள்கட்டுகளின் எண்ணிக்கைதான் நம்பத்தக்க அளவு. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் 16 இல் ஒரு பங்கு. ஆகவே 80 கிராம் தாளில் ஓர் ஏ4 சரியாக 5 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் 2.5 கிலோ. பெட்டியில் சேரும் வீண் தாளை எண்ணத் தேவையில்லை, தராசில் வைத்தால் போதும்: 6 கிலோ என்றால் 1,200 தாள். இத்தனை தாள் இத்தனை மரம் என்ற கணக்கை நான் எங்கும் எழுதுவதில்லை, ஏனென்றால் கூழ் மரத்திலிருந்து வந்ததா, கரும்புச் சக்கையிலிருந்து வந்ததா, பழைய தாளிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து அது அடியோடு மாறும். கிலோவில் சொல்லுங்கள், யாரும் மறுக்க முடியாது.

இப்போது ஆசிரியர்களிடம் வருகிறேன். மாணவர் அச்சிடுவதில் பெரும்பகுதி அவர் விரும்பி அச்சிடுவதன்று. ஒப்படைக்கச் சொன்னதால் அச்சிடுவது. இருநூறு பக்க ஆய்வேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும், இரட்டை வரி இடைவெளி, ஐந்து பிரதிகள் என்று விதி இருந்தால் ஒரு மாணவருக்கு ஆயிரம் தாள், அதாவது இரண்டு ரீம், ஐந்து கிலோ. அதுவும் இறுதிப் பிரதிக்கு மட்டும். இடையில் திருத்தத்துக்காகக் கொடுத்த வரைவுகள் தனி. அதே ஆய்வேட்டை ஒன்றரை வரி இடைவெளியில் அமைத்தால் ஏறக்குறைய நூற்றைம்பது பக்கம். இரு பக்கமாக அச்சிட்டால் எழுபத்தைந்து தாள். நூலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று என இரண்டு பிரதி போதும் என்றால் மொத்தம் நூற்றைம்பது தாள். ஆயிரம் எங்கே, நூற்றைம்பது எங்கே? எந்த விழிப்புணர்வு வாரத்தாலும் இந்த அளவு குறைக்க முடியாது. விதிப்புத்தகத்தில் மூன்று வரிகளைத் திருத்தினால் முடியும்.

அந்த விதி தட்டச்சு இயந்திரக் காலத்தின் மிச்சம். விசை தாளில் அழுந்தியதால் பின்பக்கம் பயன்படுத்த ஏற்றதாக இல்லை. தேர்வாளர் வரிகளுக்கிடையே கையால் திருத்தம் எழுத இடம் வேண்டியிருந்தது. இன்று திருத்தம் பெரும்பாலும் கோப்பிலேயே குறிக்கப்படுகிறது, அச்சும் அழுந்துவதில்லை, ஆனால் விதி மட்டும் நிற்கிறது. கல்விக்குழுவில் இதை மாற்றும்போது ‘விரும்பினால் இரு பக்கமாக அச்சிடலாம்’ என்று எழுதாதீர்கள். தேர்வாளர் என்ன நினைப்பாரோ என்ற அச்சத்தில் எந்த மாணவரும் அந்த விருப்பத்தைப் பயன்படுத்தத் துணியமாட்டார். ‘இரு பக்கமாக அச்சிட வேண்டும்’ என்றே இருக்க வேண்டும். ஓர அளவிலும் இடம் இருக்கிறது: ஏ4 தாளில் நான்கு பக்கமும் 2.54 சென்டிமீட்டர் விடுவதை 2 சென்டிமீட்டராக்கினால் எழுதும் பரப்பு ஏறத்தாழ 11 சதவீதம் கூடும். நூறு பக்கம் தொண்ணூறாகும். பைண்டிங் செய்யும் ஓரத்தில் மட்டும் சற்று அதிகம் விட்டுக்கொள்ளலாம்.

ஸ்லைடுகள் இன்னொரு பெரிய ஓட்டை. அறுபது ஸ்லைடு கொண்ட பாடத்தை ஆசிரியர் அப்படியே பதிவேற்றிவிடுகிறார். மாணவர் திறந்து பிரிண்ட் கொடுத்தால் தாளுக்கு ஒன்றாக அறுபது தாள் வரும், அதிலும் அடர்நீலப் பின்னணி என்றால் டோனரும் (பிரிண்டரின் மைப்பொடி) போய்விடும். அதையே பக்கத்துக்கு ஆறு ஸ்லைடாக இரு பக்கமும் அச்சிட்டால் ஐந்தே தாள். எல்லா மாணவர்களுக்கும் இதைக் கற்பிப்பதைவிட, அந்த ஓர் ஆசிரியர் திரைக்கு ஒன்றும், வெள்ளைப் பின்னணியில் பக்கத்துக்கு ஆறு வீதம் அமைத்த பிடிஎஃப் ஒன்றுமாக இரண்டு கோப்புகளைப் பதிவேற்றுவது எளிது. அவருக்கு ஆகும் வேலை இரண்டு நிமிடம். வகுப்பில் நூற்றிருபது பேர் இருந்தால், அந்த இரண்டு நிமிடத்தில் மிச்சமாவது எத்தனை தாள் என்று அவரையே கணக்கிடச் சொல்லுங்கள். இதை நான் பலரிடம் செய்து பார்த்திருக்கிறேன், கணக்கை முடித்த பிறகு ஒருவரும் மறுத்ததில்லை.

அப்படியானால் ஒப்படைப்புகள் அனைத்தையும் கணினி வழியே வாங்கிவிடலாமே என்று தோன்றும். குறுகிய ஒப்படைப்புகள், ஆய்வகக் கணக்கீடுகள், நிரல்கள் ஆகியவற்றுக்கு இது முற்றிலும் சரி. ஆனால் ஆசிரியர் அவற்றைத் திரையில் திருத்துகிறாரா என்று பாருங்கள். திருத்துவதற்காக அவரே தம் அறையில் எல்லாவற்றையும் அச்சிட்டுக்கொண்டால், தாளின் செலவு மாணவர் கணக்கிலிருந்து ஊழியர் கணக்குக்கு இடம் மாறியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. திரையில் குறிப்பெழுதத் தகுந்த கருவியும் பயிற்சியும் கொடுத்த பிறகு செய்ய வேண்டிய மாற்றம் அது.

படிப்பதற்காக அச்சிடுவதை நான் வீண் என்று சொல்லவே மாட்டேன். 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் திரட்டி 2018 இல் வெளியான ஒப்பாய்வு ஒன்று, தகவல் சார்ந்த பாடங்களைத் தாளில் படிப்பவர்கள் திரையில் படிப்பவர்களைவிடச் சற்று நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றும், நேர நெருக்கடி இருக்கும்போது அந்த இடைவெளி கூடுகிறது என்றும் காட்டியது. கதை மட்டும் படிக்கும்போது அந்த வேறுபாடு தெரியவில்லை. தேர்வுக்கு முன் ஒரு கட்டுரையை அச்சிட்டுக் கோடிட்டுப் படிக்கும் மாணவர் தாளைச் சரியாகவே பயன்படுத்துகிறார். நாம் துரத்த வேண்டியது யாரும் படிக்காத தாளைத்தான். இந்த வேறுபாட்டை மறந்து ‘தாளில்லா வளாகம்’ என்று அறிவிப்பவர்கள், மாணவரை வளாகத்துக்கு வெளியே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டுத் தங்கள் கணக்கில் தாள் குறைந்துவிட்டதாக மகிழ்கிறார்கள். அங்கே இரு பக்கமாக அச்சிடும்படி யார் அமைத்து வைத்திருக்கிறார்கள்?

வரம்பு வைப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பருவத்துக்கு இத்தனை பக்கம் இலவசம் என்று கொடுத்தால், குறைவாக அச்சிடுபவருக்கும் அது தன் உரிமை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பருவத்தின் கடைசி வாரத்தில் ‘வீணாகப் போகிறதே’ என்று மீதியைத் தீர்ப்பதற்காகவே அச்சிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தாளை மிச்சப்படுத்தக் கொண்டுவந்த ஏற்பாடு தாளைத் தின்னும். வைத்தே ஆக வேண்டுமென்றால், மீதி அடுத்த பருவத்துக்குச் சேர்ந்துகொள்ளும்படி வையுங்கள். கணக்கைப் பக்கத்துக்கு வைக்காமல் தாளுக்கு வையுங்கள். பக்கத்துக்கு ஒரே விலை என்றால் இரு பக்கமாக எடுப்பவருக்கு ஓர் ஆதாயமும் இல்லை. ஒவ்வொருவரும் அனுப்பும் முன் திரையில் ‘இந்த வேலைக்கு 24 தாள், இரு பக்கமாக எடுத்தால் 12’ என்று காட்டும் வசதி இருந்தால், பலருக்கு வரம்பே தேவைப்படாது. வீட்டில் கணினி இல்லாத மாணவர்தான் வளாகத்தில் அதிகம் அச்சிடுவார் என்பதையும், கட்டணமோ வரம்போ முதலில் அவரைத்தான் தாக்கும் என்பதையும் முடிவெடுக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் நினைவூட்ட வேண்டும்.

ஒரு பக்கம் அச்சான தாளை மறுபடி பிரிண்டரில் வைக்கலாமா என்று நல்லெண்ணத்தோடு பலர் கேட்பார்கள். லேசர் பிரிண்டரில் வைக்காதீர்கள். அதன் உள்ளே டோனரை உருக்கிப் பதிக்கும் உருளை ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். பழைய பக்கத்து டோனர் மறுபடி இளகி உருளையில் ஒட்டும், எடுக்க மறந்த ஒரு ஸ்டேப்ளர் பின் உள்ளே போனால் டிரம்மில் (தாளில் படிய வேண்டிய உருவத்தைத் தாங்கும் உருளை) கீறல் விழும், அதன் பிறகு வரும் ஒவ்வொரு தாளிலும் கருங்கோடுதான். அந்தத் தாள்களைப் பாதியாக வெட்டி, ஒரு முனையைப் பசையிட்டு ஒட்டி, கணக்குப் போட்டுப் பார்க்கும் குறிப்பேடாக ஆய்வக மேசைகளில் வைத்தால் மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாணவர் அமைப்பிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் போதும், மேற்பார்வைகூடத் தேவையில்லை.

மறுசுழற்சிக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சிட்ட வெள்ளைத் தாள் நல்ல மூலப்பொருள். அதைத் தேநீர்க் கோப்பைகளோடும் உணவுப் பொட்டலங்களோடும் கலக்காமல் தனியாகச் சேர்த்தால் நல்ல விலைக்குப் போகும். வெப்பத்தால் அச்சாகும் ரசீதுத் தாளை அதில் சேர்க்கக்கூடாது. பெயரும் மதிப்பெண்ணும் உள்ள தாள்களை மட்டும் துண்டாக்குங்கள். தேவையில்லாதவற்றையும் துண்டாக்கினால் இழை குட்டையாகி மறுசுழற்சியில் மதிப்பு குறைகிறது. எப்படியிருந்தாலும் ஓர் இழையை முடிவில்லாமல் மறுசுழற்சி செய்துகொண்டே இருக்க முடியாது என்பதால், இது எஞ்சியதைக் கையாளும் வழியே தவிர, அச்சிட அனுமதிச் சீட்டு அன்று.

எங்கே தொடங்குவது என்றால், அட்டைப்பெட்டியை இந்தத் திங்கட்கிழமையே வையுங்கள், அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. அடுத்த வாரம் முகப்புத் தாளை நிறுத்தி, இரு பக்க அமைப்பைச் சரியான சாளரத்தில் மாற்றி, நிர்வாகியின் கணக்கில் அல்லாமல் ஒரு மாணவரின் கணக்கிலிருந்து சோதித்துப் பாருங்கள். ஸ்லைடு கோப்புகளுக்குத் துறைக்கு ஓர் ஆசிரியரைப் பிடித்தால் போதும், மற்றவர்கள் அவரைப் பார்த்துச் செய்வார்கள். ஆய்வேட்டு விதிக்குக் கல்விக்குழு கூட வேண்டும், அதற்குள் பெட்டியின் எடையை நான்கு மாதம் எழுதி வைத்திருந்தால் விவாதம் சுருங்கும். அதுவரை சேர்ந்த எண்களைப் பார்த்த பிறகும் வரம்பு தேவை என்று தோன்றினால், அப்போது எழுதுங்கள். எத்தனை தாள் என்பதை அந்த எண்களை வைத்தே பேசலாம்.